பூக்கட்டிப் பார்த்த படிப்பு

அன்று அம்மன் கோயிலில் அப்பா, அம்மா, மாமா, நான் என நான்கு பேரும் இருந்தோம். அக்கா மட்டும் இல்லை. கன்னிவாடி துணிக்கடையில் அவளுக்கு லீவு கிடைக்கவில்லை.

மலைமேல் எங்கள் ஆடலூரில் மேகம் காலையிலேயே இறங்கிவிட்டது. சில்வர் ஓக் மரங்கள் பாதிக்கு மேல் கரைந்துபோய், கோயில் மணி எதிலும் மாட்டாமல் தானாகத் தொங்குவது போலிருந்தது.

எங்கள் வீட்டில் பத்தாவது தாண்டிய முதல் ஆள் நான். பி.ஏ. தத்துவம் முடித்து, எம்.ஏ.வுக்கு மதுரையில் இடமும் கிடைத்திருந்தது. நாயுடுபுரத்தில் டாக்சி ஓட்டும் மாமாவோ கொடைக்கானலில் ஒரு தங்கும் விடுதியில் எனக்கு வேலை சொல்லி வைத்திருந்தார். இரண்டுக்கும் மறுநாள் பதில் சொல்லியாக வேண்டும்.

"ஏலே மாப்ளே, தத்துவம் படிச்சா என்ன சோலிடா கெடைக்கும்? டூரிஸ்ட்ட கூட்டிட்டுப் போயி, 'சார், இந்த ஏரி நெசமாவே இருக்கா'ன்னு கேப்பியா?" என்றார் மாமா.

வீட்டில் பேசித் தீராததால்தான் பூக்கட்டிப் பார்க்க வந்தோம். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம். வெள்ளை வந்தால் அம்மனுக்குச் சம்மதம்.

மனதுக்குள் வேண்டிக்கொள்ளச் சொன்னார் பூசாரி. மேகம் உள்ளே நுழைந்து சூடத்தைச் சுற்றி நின்றது. அந்த இரண்டு பொட்டலமும் பிரிக்கப்படாமலே கிடக்க, நாங்களும் அப்படியே நின்றுவிடலாம் என்று தோன்றியது. பூசாரி ஒன்றை எடுத்துப் பிரித்தார். வெள்ளை.

"ஆத்தா உத்தரவு குடுத்துட்டா," என்று அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டார். "வேலைக்கே போகட்டும்."

"என்ன பேசுற? மதுரைக்கு அனுப்பவான்னுல்ல நான் கேட்டேன்," என்றார் அப்பா.

பூசாரிக்குச் சிரிப்பு. "என்ன கேக்குறதுன்னு பேசி வச்சுட்டுல்ல வரணும்? ஒரே காரியத்துக்கு ரெண்டு தரம் பூப்போட மாட்டேங்க."

மாமா என் பக்கம் திரும்பினார். "நீ என்னத்தலே வேண்டுன?"

"பிரிக்கிறதுக்கு முன்னாடியே பதில் உள்ள இருந்துச்சா, பிரிச்சப்பதான் வந்துச்சான்னு யோசிச்சேன் மாமா."

"மச்சான், இவன் ரூம் சாவி குடுக்குறதுக்குள்ள வந்தவன் ஊருக்கே திரும்பிருவான்!"

வெளியே வந்து அப்பா அக்காவுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அக்கா சொன்னாள்: "ஆத்தாவக் கேட்டீங்க, சரி. அவனக் கேட்டீங்களா?"

யாரும் கேட்டிருக்கவில்லை. இப்போது மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள்.

"தத்துவம் படிச்சா உறுதியா ஒரு வேலையும் இல்ல," என்றேன். "பரீட்சை பாஸ் பண்ணுனா காலேஜ்ல வாத்தியாராகலாம். எது சரி, எது தப்புன்னு யோசிச்சுச் சொல்ல ஆஸ்பத்திரியில, கம்பெனியிலகூட ஆள் எடுக்குறாங்கன்றாங்க. நான் பாத்ததில்ல. ஆனா எனக்குப் படிக்கணும்."

"இத வீட்லயே சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல," என்று அம்மா செருப்பை மாட்டிக்கொண்டு நடந்தார். அதுதான் சம்மதம்.

எம்.ஏ. முடித்துவிட்டு இப்போது திண்டுக்கல் பக்கம் ஒரு கல்லூரியில் தற்காலிகமாக வகுப்பெடுக்கிறேன். இரண்டு வருடக் கட்டணம், விடுதி, சாப்பாடு, பரீட்சைக்கான புத்தகம் எல்லாம் அப்பா தோட்டத்து மிளகை விற்றதிலும் அக்காவின் சம்பளத்திலுமாக நடந்தது. மொத்தம் ஒரு லட்சத்துப் பன்னிரண்டாயிரம் ரூபாய்.