கார்த்திகையில் நின்ற மிசின்

இன்று காலை வட்டுக்கோட்டைப் பக்கமிருந்து வெங்காயத் தோட்டக்காரி ஒருத்தி வந்தா. சேலைத் தலைப்பில் முடிந்து வைத்திருந்த ஒரு பித்தளை வளையத்தை அவிழ்த்து மேசையில் வைத்தா. இறைப்பு மிசினின் தண்டு உள்ளே நின்று சுழலுமே, அந்தப் புஸ்.

"உதுமாதிரி ஒண்டு இருக்கோ அண்ணை? தண்ணி இறைச்சு மூண்டு நாள்."

கைபேசியைத் தட்டிப் பார்த்தேன். பதிவு இல்லை என்றது. புஸ்ஸை மூக்கடியில் பிடித்தேன். மண்ணெண்ணெய். இந்த மணத்துக்கு ஒரு பழக்கம், மூக்குக்குள் போனால் அங்கே நிற்காது. நேரே போய் எங்கேயோ ஒரு கதவைத் தட்டும்.

நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. அதிலும் கடைசித் தவணைக்குப் போனதாக ஞாபகம் இல்லை. ஆனால் மருதனார்மடச் சந்தியில் இறங்கி, இறைப்பு மிசின் சாமானுக்கு ஆரிடம் போவது என்று கேட்டுப் பாருங்கோ. ஆஞ்சநேயர் கோயிலுக்கு வழி கேட்டாலும் என்ரை கடையைச் சொல்லித்தான் வழி காட்டுவினம். இன்னொன்றும் சொல்லுறன். வியாபாரம் நடத்துகிற மென்பொருளை, பெட்டியில் அடைத்து விற்கிறதை அல்ல, மூலநிரலில் இருந்து துண்டு துண்டாகப் பூட்டி ஓடவிட்ட முதல் கடைக்காரன் இந்தக் குடாநாட்டில் நான்தான். வேறு ஆரும் இருந்தால் வரட்டும், பார்ப்பம். உண்மையில் பூட்டினது ரீச்சர். ஆனால் அவ இருந்த கதிரை என்ரை.

அதைச் செய்ய வேண்டி வந்ததே செல்லத்துரை அண்ணையால். அரியாலையில் இருந்து தினமும் சைக்கிளில் வருவார். என்னை விட ஒன்பது வயது மூப்பு. கடைச் சாமான் முழுக்க அவருடைய தலைக்குள் இருந்தது. சண்டையால் பாதை பூட்டிக் கிடந்த காலத்தில் உதிரிப்பாகம் ஒன்றும் வராது. கிடைத்த பித்தளையைக் கடைந்து, ரயரை வெட்டி, அவரவர் மிசினுக்கு அளவாக நாங்களே செய்து கொடுத்தோம். ஒன்று கொடுத்தால் இரண்டு செய்து மிச்சத்தை றாக்கையில் வைப்பார் அண்ணை. அதுக்கு இலக்கம் ஏது? முதலில் கேட்டு வந்தவரின் பேர்தான் அதன் பேர். ஆறுமுகத்தின்ரை வோசர். இரத்தினம் மாமியின்ரை வால்வு. ஒருமுறை ஆறுமுகமே வந்து தன்ரை வோசரைக் கேட்க, "உன்னுடையது உனக்குச் சரிவராது, நீ மிசின் மாத்தீட்டாய். கந்தையாவின்ரையைக் கொண்டுபோ" என்று அனுப்பினார்.

அந்த அண்ணைக்குக் கனடாவில் இருந்து மகள் ஸ்பொன்சர் சரிக்கட்டினாள். தை பிறக்க முன்னம் பயணம். தலையோடு கடையும் போகப் போகிறது என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது.

கொழும்பில் இருந்து கழுத்துப்பட்டி கட்டிய இரண்டு பேர் வந்து தங்கள் மென்பொருளைக் காட்டினார்கள். ஒவ்வொரு சாமானுக்கும் கொம்பனி இலக்கம் வேணுமாம். "ஆறுமுகத்துக்கு எந்தக் கொம்பனி தம்பி?" என்று கேட்டேன். பிளேன்ரீ குடித்துப் போட்டுப் போனார்கள்.

பிறகுதான் ரீச்சர். வட்டுக்கோட்டையில் கணினி வகுப்பு நடத்தியவ. கெட்டிக்காரி, ஆனால் அதை வெளியில் காட்டாத சாதி. எனக்கு நேர் எதிர். அவ சொன்னா: "அண்ணை, திறந்த மூலம் எண்டு ஒண்டு இருக்கு. உள்ளுக்க எல்லாம் பார்க்கலாம், வேண்டின இடத்தில வெட்டி ஒட்டலாம். இலக்கம் கேக்கிற இடத்தில முதல் கேட்டவர் ஆர் எண்டு கேக்கப் பண்ணலாம். ஆனா நான் இதுவரைக்கும் பூட்டினதில்லை."

"கழட்டிப் பாராதவன் மிசின்காரன் இல்லை ரீச்சர். பூட்டுவம்" என்றேன்.

சரி, இனி நான் செய்த வேலையைச் சொல்லத்தான் வேணும். இவ்வளவு நாளும் ஆருக்கும் சொன்னதில்லை.

ரீச்சர் வந்தது மார்கழியில். மார்கழியில் எங்கடை ஆக்கள் ஒரு அடுப்புக்கல் கூடப் புதிதாக வைக்க மாட்டினம். தை பிறக்குமட்டும் பொறுத்தால் அண்ணை இருக்க மாட்டார். ரீச்சரோ வேதக்கார வீட்டுப் பிள்ளை. அவைக்கு அது யேசு பிறந்த நத்தார் மாதம், அதைவிட நல்ல மாதம் இல்லை. அவவிடம் பஞ்சாங்கம் கதைக்க எனக்கு வெட்கம். அவ கை கழுவப் போன நேரம் பார்த்து, கடைக் கணினித் திரையின் மூலையில் இருந்த திகதியைப் பின்னாலே திருப்பினேன். கார்த்திகை, வளர்பிறை, வியாழன், அமிர்த யோகம். மனிசருக்கு மார்கழி என்றாலும் மிசின் நல்ல நாளில்தானே தொடங்குகிறது! என்ரை மூளையை நானே மெச்சிக்கொண்டு ஒரு கற்பூரமும் காட்டினேன். மணம் பிடித்த ரீச்சர், "நுளம்பு கடிக்குதோ அண்ணை?" என்று கேட்டா.

வெளியில் பூத்தூறல். உள்ளே கறுப்புத் திரையில் வெள்ளை வரிகள் மேலே மேலே ஏறிப் போயின. அண்ணையும் நானும் கோயில் தேர் பார்க்கிற மாதிரி அதைப் பார்த்துக்கொண்டு இருந்தோம். திடீரென்று நின்றது. கோப்பு செல்லுபடியாகாது என்கிறதாம். திரும்ப விட்டா. திரும்ப நின்றது. தரவிறக்கியதில் பிழை என்று சொல்லி, அடுத்த நாள் தன் வகுப்பில் இருந்து இறுவட்டில் பதிந்து கொண்டுவந்தா. அதுவும் இடையில் குழம்பியது. "கற்பூரம் காட்டியும் இப்பிடியோ" என்று எனக்குள் நினைத்தேனே தவிர, திகதியை நினைக்கவில்லை. பாருங்கோ, ஐந்தாம் வகுப்பின் கடைசித் தவணையில் அதைப் படிப்பித்திருப்பினம்.

அண்ணை றாக்கைகளைத் துடைத்துக்கொண்டு திரிந்தார். மூன்றாம் நாள், துடைத்த துணியோடு வந்து திரையை எட்டிப் பார்த்தார்.

"ரீச்சர், உதுக்கு இன்னும் விளக்கீடே முடியேல்லைப் போல."

"என்ன அண்ணை?"

"உந்த மூலையில விளக்குக் கொளுத்துற கார்த்திகை எல்லோ கிடக்கு."

ரீச்சர் தலையில் கை வைத்தா. பழைய வரிகளைப் பின்னால் ஓடவிட்டு வாசித்தா. "கடவுளே, இஞ்சை சொல்லியிருக்கு, நான் கவனிக்கேல்லை. இந்தக் கோப்புகள் எல்லாம் எதிர்காலத்தில இருந்து வந்ததாம்!" பிறகு என்னைப் பார்த்தா.

"பற்றரி பழுதாக்கும்" என்றேன். உடனே சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்ப் புதுப் பற்றரியும் வாங்கி வந்து போட்டேன். பொய் சொன்னால் முழுக்கச் சொல்ல வேணும்.

திகதி சரியானதும் மிசின் பின்னேரத்துக்குள் ஓடியது. ரீச்சர் தமிழில் ஒரு பத்தி வைத்தா: முதல் கேட்டவர். அதன் பிறகு வந்த நாட்களை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கண் செருகும். அண்ணை கதிரையில் சாய்ந்து கண்ணை மூடிக்கொள்வார். எழும்பிப் பார்க்க மாட்டார். தலைக்குள்ளேயே நடந்துபோய் ஒவ்வொரு லாச்சியாக இழுப்பார். "இரண்டாம் றாக்கை, பால்மாப் பேணிக்கு உள்ளுக்க, இரத்தினம் மாமியின்ரை வால்வு, நாலு. அவ அதைக் கேட்டு வந்த அண்டு நல்ல மழை, தலையில ஓலைப்பெட்டி கவிட்டுக்கொண்டு வந்தவ." ரீச்சர் ஓலைப்பெட்டியையும் சேர்த்துத் தட்டுவா. "அது வேண்டாம் பிள்ளை" என்பார் அண்ணை. "இருக்கட்டும்" என்பா அவ. வாய்க்காலில் தண்ணீர் போகிற மாதிரி, அவசரம் இல்லாமல், பேர்கள் போய்க்கொண்டே இருந்தன.

ஏழு றாக்கை. ஆறு முடிந்தது. பயணம் வந்துவிட்டது.

"கடைசியை ரெலிபோனில சொல்லுறன் தம்பி" என்றார். வாசலில் நின்று, சேட்டுப் பொக்கற்றுக்குள் இருந்து எதையோ எடுத்து என் கையில் வைத்தார். நான் கழற்றி எறிந்த பழைய பற்றரி.

"பல்ப்பில வைச்சுப் பாத்தனான். இது நல்லா இருக்கு. வைச்சுக்கொள்."

போட்டு வாறன் என்று சைக்கிளில் ஏறினார்.

முதல் வருடம் ஞாயிறுகளில் ரெலிபோன் எடுப்பார். நான் ஏழாம் றாக்கையைக் கேட்கவில்லை. கேட்டால் அந்த மூன்று நாளும் கதையில் வரும் என்று பயம். பனியைப் பற்றிக் கதைத்தோம். பேரப்பிள்ளையைப் பற்றிக் கதைத்தோம். அடுத்த மாரியில் மகள் எடுத்தாள். அவள் அழுதது மட்டும் விளங்கியது.

இன்று அந்தத் தோட்டக்காரியை இருத்திவிட்டு, ஏழாம் றாக்கையில் பேணி பேணியாகக் கொட்டி, ஒவ்வொன்றாகப் பொருத்திப் பார்த்தேன். மதியமாகிவிட்டது. கடைசிப் பேணிக்கு முந்தின பேணியில் இருந்தது. இரண்டு. எண்ணெய் பூசி, பேப்பரில் சுற்றி, அண்ணையின் கையாலே வைத்தது.

"இதுக்கு என்ன பேர் அண்ணை? பிறகும் வேணுமெண்டால் என்ன எண்டு கேக்கிறது?"

எனக்குத் தெரியாது. தெரியாது என்று ஒரு வாடிக்கையாளரிடம் நான் சொன்னது இதுதான் முதல் தடவை.

அவ போன பிறகு பதியப் பார்த்தேன். ரீச்சர் பூட்டிய மிசின் உக்கிப்போய்க் கனகாலம். இப்போது எல்லாம் கைபேசிக்குள். ஆரோ எங்கேயோ நடத்துகிற மென்பொருள், மாதா மாதம் தானே புதுசாகும். சாமானின் பேர்களைக் கொண்டுவந்தது. முதல் கேட்டவர் பத்தியைக் கொண்டுவரவில்லை. இரத்தினம் மாமியின் ஓலைப்பெட்டி அதோடு போனது.

சும்மா இருந்து யோசித்தேன். அந்த இரண்டரை நாளும் மிசினின் கணக்கில் கார்த்திகை. அண்ணைக்குப் பயணம் இன்னும் ஒன்றரை மாதம். ஏழு றாக்கைக்கும் தாராளமாகக் காணும்.

கைபேசியில் திகதியைத் தேடிப் பிடித்து, அந்த வளர்பிறை வியாழனுக்குத் திருப்பினேன். மென்பொருளைத் தட்டினேன். திறக்கவில்லை. திகதி பிழை, சரிசெய்யவும் என்றது.

கொஞ்ச நேரம் அப்படியே விட்டு வைத்தேன்.