அறுநூறு வரிப் பெட்டி

நூலகத்தின் இணையப் பக்கங்களைப் பார்த்துக்கொள்ளும் அவளுக்கு அலுவலகத்தில் 'ஸ்லாஷ் அக்கா' என்று பெயர். யாருடைய நிரலில் மூடும் டேக்கின் சாய்கோடு விட்டுப்போனாலும் நாலு மேசை தள்ளியிருந்தே, "எங்க உன் ஸ்லாஷ்?" என்று குரல் கொடுப்பாள். இரட்டைப் பெண்களைப் பெற்று எட்டு வருடம் வீட்டோடு இருந்துவிட்டு, அந்த மாதம்தான் பழைய வேலைக்குத் திரும்பியிருந்தாள்.

மூன்றாம் நாளே ஒரு புகார் வந்தது. எழுதியவர் பியானோக்களுக்குச் சுதி கூட்டுபவர், பார்வை இல்லாதவர். ஒலிப்புத்தகத்தை இரவலுக்குப் பதிவு செய்யும்போது ஒரு சின்னப் பெட்டி திறக்கிறதாம். கீபோர்டை வைத்துக்கொண்டு அதற்குள் போகவும் முடியவில்லை, அதை மூடவும் முடியவில்லையாம்.

'எந்தப் புண்ணியவான் செய்த வேலை' என்று முணுமுணுத்தபடி நிரலைத் திறந்தாள். முதல் வரியில் அவள் பெயரே இருந்தது. அதன் கீழே அறுநூறு வரி ஸ்கிரிப்ட். ஒரு காலத்தில் இதைக் காட்டிக் கைதட்டு வாங்கியவள். மௌஸைத் தொடாத மனிதர்களும் இருப்பார்கள் என்று அப்போது தோன்றவே இல்லை. காது மடல் சுட்டது.

அன்று பிற்பகல் முழுக்க மழை. விளக்கைப் போடாமல், தான் இல்லாத நாட்களில் இணையப் பக்கங்களை எழுதும் எச்டிஎம்எல்லில் என்னவெல்லாம் வந்து சேர்ந்திருக்கிறது என்று படிக்க ஆரம்பித்தாள். பெட்டி திறப்பதற்கென்றே 'டயலாக்' என்றொரு டேக். அதைத் திறந்தால் கீபோர்டின் கவனம் தானே உள்ளே போகிறது, பின்னாலிருக்கும் பக்கம் ஓய்ந்து நிற்கிறது, எஸ்கேப் அழுத்தினால் மூடி, புறப்பட்ட பொத்தானிலேயே கொண்டுவந்து விடுகிறது. 'டீட்டெயில்ஸ்' என்று இன்னொன்று; தலைப்பைத் தட்டினால் விரிகிறது, மறுபடி தட்டினால் சுருங்குகிறது, ஒரு வரி ஸ்கிரிப்ட்கூட வேண்டாம். கண்ணாடியில் வழியும் நீரும் திரையில் திறந்து மூடும் பெட்டிகளும் ஒன்றாகக் கலந்து, அவள் எங்கோ மிதந்துகொண்டிருந்தாள்.

இரவுச் சாப்பாட்டில் தம்ளர் வழிய வழியத் தண்ணீர் ஊற்றினாள்.

"ஏய், எங்க இருக்க நீ?" என்றான் கணவன்.

"டயலாக்குக்குள்ள."

"எஸ்கேப் அழுத்தணும்ப்பா!" என்று பெண்கள் இருவரும் சிரித்து அவள் தோளை அழுத்தினார்கள்.

ஒரு வாரத்தில் அறுநூறு வரி நாற்பதாகச் சுருங்கியது. மேலாளர் பக்கத்தை மேலும் கீழும் உருட்டிப் பார்த்தார்.

"ஏம்மா, ஒண்ணுமே மாறலையே?"

"ஆமா சார். கண்ணுக்கு ஒண்ணும் மாறாது."

"அப்ப வாரம் முழுக்க என்னதான் பண்ணீங்க?"

"நான் எழுதினதையெல்லாம் அழிச்சேன் சார்."

அவள் போனை எடுத்துச் சுதிக்காரரின் எண்ணைப் போட்டாள்.

"நூலகத்துலேர்ந்து பேசறேங்க. அந்தப் பெட்டியைச் சரி பண்ணியாச்சு. ஒரு தடவை திறந்து பாக்கறீங்களா?"

கீபோர்டு தட்டும் சத்தம் கேட்டது. பிறகு, திரையைப் படித்துச் சொல்லும் மென்பொருளின் குரல், "பதிவுப் பெட்டி திறந்துள்ளது" என்றது.

"அட, உள்ளயே கொண்டுபோய் விடுதே!" என்றார் அவர். "முன்னாடி யாரு செஞ்சாங்களோ, படாத பாடு படுத்திட்டாங்க."

"நான்தாங்க" என்றாள் அவள். "எனக்கு அப்ப தெரியல."

மறுமுனையில் மனம்விட்ட சிரிப்பு. "போகுது விடுங்க. நானும் ஆரம்பத்துல ரெண்டு பியானோ கம்பியை அறுத்தவன்தான்."

புத்தகத்தைப் பதிவு செய்த பிறகும் அவர் போனை வைக்கவில்லை. ஆசைக்காகப் பெட்டியைத் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார். அவள் கண்களை மூடி, நாற்காலியில் சாய்ந்து, அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே இருந்தாள்.