ரோஸ் கலர் வரிசை

எக்செல் ஷீட்டில் வண்ணம் அடித்து வைக்கிறவர்களைக் கண்டால் எனக்கு அப்போதெல்லாம் எரிச்சல் வரும். எங்கள் பனியன் கம்பெனியில் எல்லோருக்கும் அந்த வியாதி உண்டு. லீவு போட்டால் மஞ்சள், ஊருக்குப் போனால் பச்சை, வேலையை விட்டு நின்றால் சிவப்பு. ஷீட்டா, வாசல் கோலமா என்று கிண்டல் செய்வேன்.

போன வருடம் கம்பெனி ஒரு சாஃப்ட்வேர் வாங்கியது. தினமும் காலையில் யாருக்கு எந்த வேலை என்று அதுவே லிஸ்ட் போட்டுவிடும். ஆனால் அதற்கு எக்செல் புரியாது. ஒவ்வொரு ஆளுக்கும் பெயர், பிரிவு, தெரிந்த வேலை என்று பிரித்து ஜேசன் என்கிற வடிவத்தில் தர வேண்டும். கம்ப்யூட்டர் பிரிவில் நான் ஒருவன்தான். ஆட்கள் விவரம் இருந்த எக்செல் ஷீட்டை முதலில் வெறும் எழுத்தாக, கமா போட்ட சி.எஸ்.வி. கோப்பாக இறக்கி, பிறகு ஜேசனாக மாற்றும் புரோகிராமைப் பைத்தானில் எழுதினேன். ஒரு பிழையும் இல்லாமல் ஓடியது. மேனேஜர் தோளில் தட்டிக்கொடுத்தார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

டைம் ஆபீஸில் அந்த ஷீட்டைப் பல வருடமாகப் பார்த்துக்கொள்ளும் அக்கா ஒருவர், ஊத்துக்குளியிலிருந்து ரயிலில் வருகிறவர், என் மேஜை அருகில் வந்து நின்றார்.

“ஏனுங்க சார், கலரும் அதுல வந்துருமுங்களா?”

“கலரெல்லாம் டேட்டா இல்லீங்கக்கா. எழுத்து வந்தாப் போதும்.”

“லீவு, நின்னவங்க எல்லாம் எழுத்துலயும் போட்டிருக்கறனுங்க. இந்த ரோஸ் கலரு மட்டும்...”

“பாத்துக்கலாமுங்கக்கா” என்றேன், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

“சரிங்க சார்” என்று போய்விட்டார். மறுத்துப் பேசுகிற பழக்கம் அவருக்கு இல்லை. அது என்ன ரோஸ் கலர் என்று நான் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. திமிர்தான், வேறென்ன.

ரோஸ் கலர் என்றால் கர்ப்பமாக இருக்கிறவர்கள். மூன்று மாதம் ஆவதற்கு முன் வெளியே சொன்னால் கண் பட்டுவிடும் என்று பெண்கள் வாயைத் திறக்க மாட்டார்கள், எழுதி வைக்கவும் விட மாட்டார்கள். அக்காவின் காதில் மட்டும் சொல்வார்கள். அவர் அந்த வரிசைக்கு ரோஸ் அடிப்பார். சூப்பர்வைசர் ஷீட்டைப் பார்த்துவிட்டு, எதுவும் கேட்காமல், உட்கார்ந்து நூல் பிசிறு வெட்டுகிற வேலையில் அவர்களைப் போடுவார்.

புது லிஸ்ட் வந்த முதல் வாரம், தென்காசிப் பக்கத்திலிருந்து வந்து வேலை செய்கிற ஒரு பெண் அக்காவிடம் சொல்லியிருந்தார். கல்யாணமாகி ஆறு வருடம் கழித்து வந்த கரு. அக்கா வழக்கம்போல ரோஸ் அடித்தார். என் புரோகிராம் வழக்கம்போல அதை உதறிவிட்டது. அந்தப் பெண்ணுக்கு அயர்னிங்கும் தெரியும் என்று ஷீட்டில் இருந்ததால், சாஃப்ட்வேர் அவரை அயர்னிங் டேபிளில் போட்டது. நாள் முழுக்க நீராவியில் நிற்கிற வேலை. லிஸ்ட்தான் வருகிறதே என்று சூப்பர்வைசர் ஷீட்டைத் திறக்கவில்லை, லிஸ்டில் இருக்கிறதே என்று அந்தப் பெண்ணும் கேட்கவில்லை. நான்காம் நாள் மத்தியானம் ரத்தம் போய், ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். கரு தங்கவில்லை.

நீராவியில் நின்றதால்தான் கலைந்தது என்று டாக்டர் சொல்லவில்லை. அதைப் பிடித்துக்கொண்டு தப்பிக்கக் கொஞ்ச நாள் முயன்றேன். அக்கா என்னிடம் வந்து, “நானு இன்னொருக்கா சொல்லியிருக்கோணுமுங்க சார்” என்று அழுதார். என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். மேனேஜர், “புரோகிராம்ல தப்பு ஒண்ணும் இல்லீங்களே?” என்று மட்டும் கேட்டார். இல்லை என்றேன். நிறத்தையும் படிக்கும்படி மாற்ற எனக்கு ஐந்து வரிதான் ஆனது.

ஒரு மாதம் கழித்து அந்தப் பெண் வேலைக்குத் திரும்பினார். கேட்டில் காட்டுகிற அடையாள அட்டை வேலை செய்யவில்லை என்று என் அறைக்கு வந்தார். என் புரோகிராம் செய்ததைச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்து, “உடம்பு பரவாயில்லீங்களா?” என்று ஆரம்பித்தேன்.

“பரவால்ல சார். யாரக் குத்தம் சொல்ல? மனுசன் போட்டிருந்தா ஏன்னு கேக்கலாம். இது கம்ப்யூட்டரு போட்டதுல்லா.”

“ஆமாங்க” என்று சொல்லி, அட்டையை நீட்டினேன்.