தோணிரேவுக் கரையில் சத்தமில்லாமல் ஓடிய படம்

இந்த ஜனவரியில் சென்னையில் நடந்த சர்வதேசத் திரைப்பட விழாவின் கருப்பொருள் விடுதலை. மற்ற நாளெல்லாம் குளிர்சாதன அரங்கில் உட்கார்ந்துதான் பார்த்தேன். கடைசி நாளன்று மட்டும் மூன்று படங்களைப் பழவேற்காடு ஏரிக்கரையில், தோணிரேவு என்ற மீனவ கிராமத்தில் திரையிடுவதாக அறிவித்தார்கள். அதில் ஒன்று அந்த ஊரிலேயே எடுத்தது. ஊர்க்காரர்களோடு உட்கார்ந்து பார்க்கும் ஆசையில் கிளம்பினேன்.

சென்ட்ரலிலிருந்து மின்சார ரயிலில் பொன்னேரி. அங்கிருந்து பழவேற்காட்டுக்கு பஸ், இருபது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. பஸ் நிற்கும் இடத்திலிருந்து தோணிரேவுக்கு ஆட்டோவில் நூறு ரூபாய் ஆனது. பேரம் பேசிப் பார்த்தேன், படியவில்லை.

ஆட்டோ ஓட்டிய சேகருக்கு முப்பது வயதிருக்கும். ஏரியில் மீன் கிடைக்காத நாட்களில் ஆட்டோ ஓட்டுகிறார்.

“படம் பாக்கவா மேடம்? எங்க அண்ணிகூட அதுல வர்றாங்க. இன்னா பேசிருக்காங்கன்னு தெர்ல. கேட்டா எழுந்து போய்டறாங்க” என்றார்.

கரையில் இரண்டு கம்பங்களுக்கு நடுவே திரை கட்டியிருந்தார்கள். காற்றில் அது படபடத்துக்கொண்டே இருந்தது. பாய் விரித்து முன்வரிசையில் பெண்கள் இடம் பிடித்திருந்தார்கள். இந்த ஊர்ப் படத்தை எடுத்தவர் எலேனா என்ற கிரேக்கப் பெண். அவருடைய மொழிபெயர்ப்பாளருக்குக் காய்ச்சல் என்று வேறு ஆள் தேடிக்கொண்டிருந்தார்கள். ஆங்கிலம் தெரிந்தால் போதும் என்றதும், சும்மா இருக்காமல் நான் போய் நின்றேன்.

கரையேற்றி வைத்திருந்த படகுகளுக்குப் பின்னால் ஒரு பெண் எங்களுக்காகக் காத்திருந்தார். அவர்தான் சேகரின் அண்ணி, கஸ்தூரி. சேகரின் அண்ணன் கடலில் இறந்து இரண்டு வருடம் ஆகிறது. தண்ணீருக்குள் கையால் துழாவி இறால் பிடிக்கும் பெண்களைப் பற்றிய படம் அது. அதற்கான பேட்டியில் கஸ்தூரி மனதில் இருந்ததையெல்லாம் சொல்லிவிட்டார். கொழுந்தனைக் கட்டிக்கொள்ளச் சொல்லி வீட்டில் பேசுகிறார்கள், தனக்கு இஷ்டமில்லை, கும்மிடிப்பூண்டியில் ஒரு கம்பெனியில் வேலை கிடைத்திருக்கிறது, போகப் போகிறேன் என்று. இஷ்டமில்லை என்பதும் வேலை கிடைத்ததும் மாமியாருக்குத் தெரியாது.

“ஃபாரின்லதான் காட்டுவோம்னு சொன்னாங்க. இப்போ எங்க அத்த முன்னாடியே குந்தினுகீது. அந்தப் பேச்ச மட்டும் எடுத்துடச் சொல்லுங்க” என்றார் கஸ்தூரி.

நான் மொழிபெயர்த்தேன். எலேனா தலையை ஆட்டி மறுத்தார். அந்தப் பேச்சுதான் படத்தின் உயிர், அதைக் கேட்டால் இந்த ஊர்ப் பெண்கள் எல்லோருக்கும் தைரியம் வரும், நீங்கள் பயப்படக் கூடாது என்றார். இதைத் தமிழில் சொல்ல எனக்கே கூசியது.

கஸ்தூரி குரலை உயர்த்தவில்லை. “பயம் இல்லக்கா. சொல்லத்தான் போறேன். எனக்கு எப்போ தோணுதோ அப்போ, என் வாயால சொல்றேன். துணியில காட்டி ஊருக்கு முன்னாடி சொல்ல வேணாம். அதுகூட என் இஷ்டத்துக்கு இல்லன்னா, இன்னா விடுதலை இது?”

ஒரு சொல் விடாமல் எலேனாவிடம் சொன்னேன். அவர் மடிக்கணினி இருந்த பக்கம் போய்விட்டார். என்ன முடிவெடுத்தார் என்று எங்கள் இருவருக்கும் தெரியவில்லை.

முதலில் ஏதோ ஒரு நாட்டுச் சிறையைப் பற்றிய படம். ஒன்றும் மனதில் பதியவில்லை. இரண்டாவதாகக் கஸ்தூரியின் படம் தொடங்கியது. தெரிந்த முகம் வரும்போதெல்லாம் கூட்டம் சிரித்தது. திரை முழுக்கக் கஸ்தூரியின் முகம் வந்தது. அவர் வாயைத் திறந்தார். சத்தம் நின்றது.

உதடுகள் மட்டும் அசைந்தன. “சவுண்டு, சவுண்டு” என்று பின்னாலிருந்து குரல்கள். ஒலிபெருக்கிக் குமிழில் வைத்த கையை எலேனா எடுக்கவில்லை. திரையில் கஸ்தூரி அழுதார், கண்ணைத் துடைத்தார், திரும்பவும் பேசினார்.

மாமியார் திரும்பி மருமகளைப் பார்த்தார். “இன்னாடி சொல்ற அதுல?”

கஸ்தூரி எழுந்து நின்றார். “வூட்டுக்கு வா அத்த. சொல்றேன்.”

இருவரும் இருட்டுக்குள் நடந்து போனார்கள். கொஞ்ச நேரத்தில் யாரோ வந்து சேகரையும் கூப்பிட்டுக்கொண்டு போனார்கள்.

மூன்றாவது படம் முடிந்தபோது கடைசி பஸ் போய்விட்டிருந்தது. பொன்னேரி வரை வரக்கூடிய ஒரே ஆட்டோ, வீட்டிலிருந்து திரும்பி வந்திருந்த சேகருடையதுதான். ஏறினேன். வீட்டில் என்ன நடந்திருக்கும், நான்தான் இடையில் நின்று பேசியவள் என்று இவருக்குத் தெரியுமா என்றெல்லாம் யோசித்துக்கொண்டு பின்சீட்டுக் கம்பியை இறுகப் பிடித்திருந்தேன்.

போக நினைப்பவர்களுக்கு: பழவேற்காட்டிலிருந்து திரும்பும் கடைசி பஸ்ஸை இறங்கும்போதே விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள். கொசுவுக்கு ஏதாவது தடவிக்கொண்டு போங்கள். யாரையாவது படம் எடுத்தால், அதை எங்கே காட்டப் போகிறீர்கள் என்று சொல்லிவிட்டு எடுங்கள். சொன்ன இடத்தைத் தாண்டிக் காட்டுவதாக இருந்தால் திரும்பப் போய்க் கேளுங்கள். அன்று நான் கற்றுக்கொண்டது அவ்வளவுதான்.

பாதி வழியில் சேகர் வண்டியை மெதுவாக்கினார்.

“அண்ணி எல்லாம் சொல்ட்டாங்க மேடம். அம்மா அழுவுது.”

“உங்களுக்குக் கோபமா?”

“அண்ணி அண்ணின்னு கூப்ட்டு வளந்தவன் மேடம் நான். எனக்கு மட்டும் இஷ்டமா இன்னா? அவங்களையாச்சும் ஒரு வெள்ளக்காரம்மா வந்து கேட்டுச்சி. என்னிய யாரு கேட்டாங்க?”

பொன்னேரி விளக்குகள் தெரியத் தொடங்கியபோது அவரே திரும்பவும் பேசினார்.

“அண்ணி திங்கக்கெழம வேலைல சேரணுமாம். பொட்டி படுக்கைய தூக்கினு பஸ் மாறிப் போவ முடியாது. நானே கும்மிடிப்பூண்டில உட்டுட்டு வந்துர்றேன்னு சொல்லிட்டேன்.”