கம்பம்மெட்டுக்கு ஒரு பெட்டி சிங்கங்கள்

போன ஜூன் மாதம், மழை பிடித்துக்கொண்ட வாரத்தில், நாற்பது சிறுவர் புத்தகங்களை அட்டைப்பெட்டியில் தூக்கிக்கொண்டு வடகரப்பதியிலிருந்து கம்பம்மெட்டுக்குப் போய்வந்தேன். ஜூனில் யாராவது அந்த மலைக்குப் போவார்களா என்று கேட்காதீர்கள். என் கணவர் ஏற்கெனவே கேட்டுவிட்டார்.

ஆப்பிரிக்கப் புல்வெளி விலங்குகளையும், அங்கே மாடு மேய்த்து வாழும் கிராமங்களையும் பற்றிய கதைகள்; ஒரே புத்தகத்தின் நாற்பது பிரதிகள் அவை. தமிழாக்கம் நான்தான். கம்பம்மெட்டுக்குப் பக்கத்து ஏலத்தோட்டம் ஒன்றில் பிள்ளைகள் காப்பகத்தைப் பார்த்துக்கொள்ளும் முருகேஸ்வரி, ஒரு கதைசொல்லல் பயிற்சியில் பழக்கமானவள். “பிள்ளைகளுக்குத் தமிழ்ப் புத்தகம் வேணும்க்கா, நேர்ல வந்து குடுங்க” என்று போனில் சொன்னாள். அவ்வளவுதான் சொன்னாள். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

காலை ஐந்தரைக்குக் கிளம்பினேன். பொள்ளாச்சி, பழனி, தேனி, கம்பம் என்று நான்கு பேருந்துகள். முதல் பேருந்திலேயே நடத்துநர் பெட்டியைக் காலால் தள்ளிப் பார்த்துவிட்டு, “ஏனுங்க, இதுக்கும் டிக்கெட் எடுக்கோணுமுங்க” என்றார். எடுத்தேன். அடுத்த மூன்றிலும் எடுத்தேன். தேனிக்கு வரும்போது, உட்கார இடமில்லாமல் நான் நின்றேன். டிக்கெட் வாங்கிய என் பெட்டி சௌகரியமாகப் படுத்திருந்தது.

கம்பத்தில் மதியம் ஒன்றரைக்கு ஷேர் ஜீப். மேலே பதினைந்து கிலோமீட்டர்கூட இல்லை, ஆனால் வழியெல்லாம் கொண்டை ஊசி வளைவுகள். பெட்டியை ஜீப்பின் தலையில் கட்டினார்கள்.

“நனையாதில்ல தம்பி?”

“தார்ப்பாய் புதுசுக்கா. ஒரு சொட்டு எறங்காது.”

தார்ப்பாய் புதுசுதான். ஆனால் என் பெட்டிவரை அது எட்டவில்லை. கேரள எல்லைச் சோதனைச் சாவடியில் இறக்கிக் காட்டச் சொன்னார்கள். தூக்கியதும் ஊறிப்போன அடிப்பக்கம் பிளந்து, சிங்கங்களும் வரிக்குதிரைகளும் சேற்றில் கொட்டின. அதிகாரி ஒன்றைப் பொறுக்கி, ஒட்டகச்சிவிங்கி படத்தைப் பார்த்துவிட்டு, “குட்டிகளுக்கோ?” என்று மலையாளத்தில் கேட்டார், பிள்ளைகளுக்கா என்று. ஆமாம் என்றேன். சேற்றில் கிடந்தவற்றைப் பொறுக்கி ஜீப்புக்குள் அடுக்கினேன்.

காப்பகத்தில் இருபது பிள்ளைகள் தலைசீவிப் பவுடர் பூசி உட்கார்ந்திருந்தார்கள். புடவை முந்தானையால் துடைத்துத் துடைத்துப் புத்தகங்களைக் கொடுத்தேன். “எங்கே, முதல் பக்கம் படிங்க பார்க்கலாம்.”

பிள்ளைகள் படங்களை மட்டும் புரட்டினார்கள். கடைசியில் அபிநயா என்ற பத்து வயதுப் பெண் எழுந்தாள். “எங்களுக்குத் தமிழ் பேசத்தான் தெரியும்க்கா. வாசிக்கத் தெரியாது. நாங்கல்லாம் மலையாளம் மீடியம்.”

முருகேஸ்வரியைச் சமையலறைக்குள் இழுத்துக்கொண்டு போனேன். “ஏன் முருகேஸ்வரி, இதையப் போன்லயே சொன்னா என்ன?”

“சொன்னா வந்திருப்பீகளா? எழுத்தே கண்ணுல படாம பிள்ளைக எப்படிக்கா படிக்கும்? மொதல்ல புத்தகம் வரட்டும்னு நெனச்சேன்.”

நிச்சயம் வந்திருக்க மாட்டேன். அதனால் திரும்பிப் போய், நானே வாசிக்க ஆரம்பித்தேன். எரிச்சலோடுதான் வாசித்தேன். கிராமத்தார் முள்வேலி போட்டு மாடுகளை அடைக்கும் பக்கம் வந்தபோது ஒரு பையன் கேட்டான்: “முள்ளுக்குச் சிங்கம் நிக்குமாக்கா? இங்கன பன்னிக்குக் கம்பிவேலியே நிக்க மாட்டேங்குது.” பிள்ளைகள் கைதட்டிச் சிரித்தார்கள். எனக்கும் கொஞ்சம் சிரிப்பு வந்தது.

அப்போதுதான் பார்த்தேன், அபிநயா பேனாவால் புத்தகத்தில் எழுதிக்கொண்டிருந்தாள். புத்தம்புதுப் புத்தகம்! “ஏய், என்ன பண்றே?” என்று கத்திவிட்டேன்.

அவள் பயப்படவில்லை. நான் வாசிக்க வாசிக்க, ஒவ்வொரு தமிழ் வரிக்கும் கீழே அதே தமிழை மலையாள எழுத்தில் எழுதியிருந்தாள். “நீங்க வேகமா போறீக. ‘சிங்கம்’னு எழுத எந்தக் க போடணும்க்கா? மலையாளத்துல நாலு இருக்கு.”

தமிழில் இருப்பது ஒரே க, உன் காதில் விழுவதைப் போடு என்றேன். உட்கார்ந்து, மெதுவாக, முதல் வரியிலிருந்து மறுபடி வாசித்தேன். இப்போது எல்லோரும் பேனா தேடினார்கள்.

ஐந்து மணிக்கு அபிநயாவின் அம்மா ஏலக்காடு வேலை முடிந்து, தலையில் போட்ட பிளாஸ்டிக் தாளில் தண்ணீர் சொட்ட வந்தார். கம்பத்துக்குப் பக்கத்துக் கூடலூரில் ஐந்தாவது வரை தமிழ் படித்தவர். “அக்கா எம்புட்டுத் தூரம் சொமந்துட்டு வந்திருக்காக, நீ கிறுக்கி வச்சிருக்கியேடி!” என்று திட்டியபடியே புத்தகத்தைப் பிடுங்கினார். பிடுங்கியவர் மேல் வரியை விரல் வைத்து எழுத்துக் கூட்டினார். மகள் எக்கி, கீழ் வரியைப் படித்தாள். “தாய்ச் சிங்கம் குட்டியைக் கவ்விக்கொண்டு நடந்தது.” இருவரும் ஒரே வாக்கியத்தை ஒன்றாகச் சொல்லி முடித்தார்கள். அம்மா வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு பக்கத்தைப் புரட்டினார்.

அதற்குள் கடைசி ஜீப் போய்விட்டது. முருகேஸ்வரி வீட்டில் தங்கி மறுநாள் இறங்கினேன்.

போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். அட்டைப்பெட்டி வேண்டாம், பிளாஸ்டிக் சாக்கு போதும். மழைக்காலத்தில் மாலை நான்கரைக்கு மேல் ஜீப்பை நம்பாதீர்கள். கையோடு ஒரு டஜன் பேனா எடுத்துப் போங்கள். பிள்ளைகளுக்கு எந்த எழுத்து தெரியும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஆனால் பதிலைக் கேட்டுப் பயணத்தை நிறுத்திவிடாதீர்கள்.

அடுத்த பதிப்பில் ஒவ்வொரு வரிக்கும் கீழே ஒரு விரல் அகலத்துக்கு வெற்றிடம் விடச் சொல்லிப் பதிப்பாளரிடம் கேட்டிருக்கிறேன். பக்கம் கூடும், விலை கூடும், பார்க்க அசிங்கமாக இருக்கும் என்கிறார். மூன்று முறை போனில் சண்டை போட்டாயிற்று. நாளைக்கு நேரிலேயே போகிறேன், அபிநயாவிடம் கெஞ்சி வாங்கிவந்த புத்தகத்தோடு.