எல்லார் முதுகிலும் இருப்பது

டெல்லியில் ஒரு தனியார் மருத்துவமனையில் நர்ஸாக இருந்தபோதுதான் என் முதுகு போனது. பக்கவாதம் வந்த ஒரு கனத்த மனிதரைக் கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்கு மாற்ற வேண்டும். இரண்டு பேர் தூக்க வேண்டிய உடம்பு. வார்டில் ஆள் இல்லை, தனியாகத் தூக்கினேன். அவர் விழவில்லை. மறுநாள் காலை என் இடது பாதம் மரத்துக் கிடந்தது.

ஸ்கேன் பார்த்த டாக்டர் பொறுமையாக விளக்கினார். முதுகெலும்புகளுக்கு நடுவே மெத்தை மாதிரி இருப்பதுதான் டிஸ்க். ஊரில் சொல்வதுபோல அது விலகி ஓடிவிடுவதில்லை, ஓரத்தில் பிதுங்குகிறது. வயது ஏற ஏறப் பலருக்கு வலியே இல்லாமல் அப்படி இருக்கும். எனக்கு அது நரம்பில் முட்டிக்கொண்டிருந்தது. பாரம் தூக்காமல் இருந்தால், ஆபரேஷன் இல்லாமலே சரியாக வாய்ப்பு அதிகம் என்றார்.

அவர் சொன்னதில் பாதியை மட்டும் எல்லோரும் பிடித்துக்கொண்டார்கள்.

நர்ஸ்களுக்கெல்லாம் மேலதிகாரியான மேட்ரன் திருநெல்வேலிக்காரர், எங்கள் ஊர்ப்பக்கம். கிறிஸ்துமஸுக்கு என் வீட்டில் சாப்பிட்டவர். தூக்கும் வேலை இல்லாத இடத்துக்கு மாற்றச் சொல்லிக் கேட்டேன்.

"எனக்கு ஸ்கேன் எடுத்தாலும் இதேதான் காட்டும் சிஸ்டர். அதுக்குன்னு நான் படுத்தா கெடக்கேன்?"

"உங்களுக்குக் கால் மரத்துப்போகலையே மேடம்."

அடுத்த வாரம் அவர் என்னை ரத்தப் பரிசோதனை கவுன்டரில் போட்டார். நாள் முழுக்க உட்கார்ந்தே இருந்தால் வலி இன்னும் மோசமாகும். சற்று எழுந்து நின்றால், வரிசையில் நிற்பவர்கள் "சிஸ்டர்ஜி, ஜல்தி" என்று அவசரப்படுத்துவார்கள். மறுபடி மேட்ரனிடம் போய் முறையிட்டபோது, கேட்டதைத்தானே கொடுத்தேன் என்றார்.

ஜனக்புரியில் இருந்த எங்கள் வீட்டிலும் அதே பேச்சுதான். தன் ஆபீஸில் பாதிப் பேருக்கு டிஸ்க் தொந்தரவு, அவர்களும் பஸ் ஏறித்தான் வருகிறார்கள் என்றார் கணவர். ஈரத்துணி வாளியை மொட்டை மாடிக்குத் தூக்கிப்போவது அப்போதும் நான்தான்.

வேலையை விட்டேன். பிசியோதெரபி செய்து, மெல்ல நடந்து, சில மாதங்களில் பாதத்துக்கு உணர்வு திரும்பியது. வார்டில் ஆள் பற்றாக்குறை என்று மேட்ரன் போன் செய்தார்.

"இப்பம் சரியாயிட்டுல்லா? நான் அப்பமே சொன்னேன், பெருசா ஒண்ணுமில்லன்னு."

வரமாட்டேன் என்று மட்டும் சொன்னேன்.