பின்கதவின் எட்டு

நிறுத்தியிருக்கும் எந்தக் காரையும் அப்பா சும்மா கடந்ததில்லை. குனிந்து, ஜன்னல் கண்ணாடியின் கீழ் மூலையைக் கட்டைவிரலால் துடைத்துப் பார்ப்பார். அவரோடு தாராவியிலிருந்து மாட்டுங்கா ஸ்டேஷனுக்கு நடந்த நாட்களில் நான் கல்லூரிக்குத் தாமதமாகத்தான் போனேன்.

அப்பா செல்லத்துரை கார்க் கண்ணாடி மாட்டுகிறவர். அந்த மூலையில் ஓர் எண் இருக்கும். கண்ணாடி செய்த ஆண்டின் கடைசி இலக்கம். பக்கத்துப் புள்ளிகள் மாதத்தைச் சொல்லும். மற்றதெல்லாம் எட்டாக இருக்க, ஒரு கதவில் மட்டும் மூன்று இருந்தால் அந்தப் பக்கம் அடிபட்டிருக்கலாம். பழைய கார் வாங்கப் போகும் எங்கள் சந்துக்காரர்கள் அப்பாவைக் கூட்டிப்போவார்கள்.

ஜெபஸ்டினும் கூட்டிப்போனார். டாக்ஸி ஓட்ட, மனைவியின் நகையை விற்று வாங்கும் கார். அந்தக் கார் நின்றது செம்பூரில் நான் வேலை பார்க்கும் பழைய கார்க் கடையில். பட்டம் வாங்கி ஒரு வருடம் சும்மா இருந்த எனக்கு, அப்பா கேட்டதால் கடை முதலாளி சேட் கொடுத்த வேலை.

"அண்ணாச்சி, நீங்க சரின்னா எடுக்கேன். இல்லன்னா சேட் சும்மா தந்தாலும் வேண்டாம்."

அப்பா காரைச் சுற்றி வந்தார். இடப்பக்கப் பின்கதவில் மட்டும் மூலையைத் துடைக்கவில்லை.

"எல்லாம் எட்டுதான். எடுத்துக்கடே."

விற்பனைத் தாளில் 'விபத்து இல்லை' என்று நான் எழுதினேன்.

மழைக்காலத்தில் கார் ஒரு பக்கமாக இழுத்தது. மெக்கானிக் பிரித்துப் பார்த்தபோது அடிபட்ட பின்கதவுத் தூண் வெட்டி ஒட்டப்பட்டிருந்தது. ஜெபஸ்டின் எங்கள் வாசலுக்கு வந்தார்.

"கண்ணாடி ஒண்ணுபோலத்தான இருந்துச்சு அண்ணாச்சி?"

"ஒண்ணுபோலத்தான் இருந்துச்சு."

"பின்ன உங்களச் சொல்லி என்ன? என் நேரம்."

அவர் போனதும் அப்பாவைப் பார்த்தேன்.

"அந்த எட்டை நாந்தான் மாட்டுனேன். புதுசு போட்டா நம்பர் காட்டிக்கொடுத்துரும்னு சேட் சொன்னாரு. குர்லா பங்கார் கடையில, உடைச்ச காருக்குள்ள ரெண்டு நாள் தேடி எடுத்தேன். அன்னைக்கு வாயத் திறந்திருந்தா உன் வேலை என்னட்டி ஆவும்?"

"நான் கேட்டேனாப்பா?"

"கேக்கல. சம்பளம் வேண்டாம்னும் சொல்லல."

கொஞ்சம் கழித்து, "ஜெபஸ்டின்கிட்ட நானே சொல்லிருதேன். மழை விடட்டும்" என்றார்.

மழை விடுவதற்குள் மாரடைப்பில் போய்விட்டார். பாடையின் முன்பக்கம் தோள் கொடுத்தவர் ஜெபஸ்டின்.

நான் இன்னும் அதே கடையில்தான் இருக்கிறேன். வேறு வேலை தேடுகிறேன் என்று எனக்கே சொல்லிக்கொள்கிறேன். நேற்று ஜெபஸ்டின் வழியில் நிறுத்தினார்.

"ஏட்டி, உனக்கும் நம்பர் பாக்கத் தெரியுமாமே? அந்தச் சனியனத் தள்ளிட்டு வேற எடுக்கணும். அண்ணாச்சி இல்ல, நீ வந்து பாரு."

வருகிறேன் என்றேன். அப்பா சொல்லவேண்டியதை நேற்றும் யாரும் சொல்லவில்லை.